கணினி தொடங்கும்போது வரும் பீப் ஒலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி பழுது பார்க்கும் என் மேசைக்கு வருகிறவர்கள் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பலர் வரும்போதே புதிய ரேம் ஒன்றையோ கிராபிக்ஸ் கார்டையோ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது தேவைப்படாமல் போகும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்க உதவும் என்று நம்பி, கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. இது என்ன சத்தம்?

மின்சாரம் வந்தவுடன் கணினி நேராக விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ போய்விடுவதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் பயாஸ் என்னும் தொடக்க நிரல் இருக்கிறது. அது ப்ராசஸர், ரேம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, விசைப்பலகை என்று ஒவ்வொன்றாகத் தயார் செய்து சோதித்துக்கொண்டே போகிறது. இந்தத் தொடக்கச் சோதனைக்கு ‘போஸ்ட்’ என்று பெயர். ஏதாவது ஒரு படியில் மேலே செல்ல முடியாமல் போனால், அது எந்தப் படி என்பதை ஒலிகளின் எண்ணிக்கையாலும் நீளத்தாலும் பயாஸ் தெரிவிக்கிறது.

இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. சோதனை எங்கே நின்றது என்பதைத்தான் பீப் சொல்கிறது. எந்த உறுப்பு கெட்டது என்பதை அது சொல்வதில்லை. ரேமைத் தேடிப் பார்த்து, அது கிடைக்காமல் நின்றுவிட்ட கணினிக்கு, ரேம் எரிந்துபோனதா, சற்றே நகர்ந்து நிற்கிறதா, அல்லது அதைச் செருகும் ஸ்லாட்டில் தூசி அடைந்திருக்கிறதா என்று தெரிய வழியில்லை.

திரையிலேயே எழுதிக் காட்டிவிடலாமே, ஏன் சத்தம் போட வேண்டும்?

திரையில் ஓர் எழுத்தைக் காட்டுவதற்குக்கூட ரேம் வேலை செய்ய வேண்டும், கிராபிக்ஸ் பகுதி தயாராகியிருக்க வேண்டும். சோதனையின் முதல் கட்டத்தில் இவை இரண்டுமே உயிர்பெற்றிருக்காது. ஒலிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8253 என்ற டைமர் சிப் இருந்தது. அதற்கு வரும் நொடிக்குச் சுமார் 11,93,000 துடிப்புகளை 1,331 ஆல் வகுக்கச் சொல்லி, ஸ்பீக்கருக்குச் செல்லும் இணைப்பைத் திறந்துவிட்டால், சுமார் 896 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலி எழும். இதற்கு ப்ராசஸர் ஒரு சில கட்டளைகளை அனுப்பினால் போதும். ஒரு பைட் ரேம்கூட வேண்டியதில்லை.

அதே 8253 சிப்பின் மற்றொரு பகுதிதான் அந்தக் கணினியில் ரேமை இடைவிடாமல் புதுப்பிக்கும் வேலையைத் தூண்டிக்கொண்டிருந்தது. டைனமிக் ரேமில் தகவல் மிகச் சிறிய மின்னேற்றங்களாக இருப்பதால், அவை கசிந்து மறைவதற்குள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட வேண்டும். பழைய பீப் பட்டியல்களில் முதல் வரியாக ‘ரேம் புதுப்பிப்புக் கோளாறு’ இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அந்தச் சொல் இந்தக் காலத்திலிருந்து வருகிறது. இன்றைய கணினிகளில் சிப்புகள் எல்லாம் மாறிவிட்டன. ஆயினும் பல கணினிகளில் ரேம் தயாராகும் வரை ப்ராசஸரின் உள்ளேயுள்ள கேஷ் நினைவகத்தையே தற்காலிக ரேமாகக் கொண்டுதான் தொடக்க நிரல் ஓடுகிறது. அந்நிலையில் ஒலிதான் இப்போதும் எளிய வழி.

ஒரே ஒரு சின்ன பீப் வருகிறது, அப்புறம் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஐபிஎம் பிசியின் காலத்திலிருந்தே ஒரு குட்டை ஒலிக்குச் சோதனை முடிந்தது, எல்லாம் சரி என்றுதான் பொருள். ஆனால் ஒரே ஒரு பீப் வந்து திரை கருப்பாகவே நின்றுவிட்டால் கதை வேறு; ஏஎம்ஐ என்ற நிறுவனத்தின் பழைய பயாஸில் அதுவே மேலே சொன்ன ரேம் புதுப்பிப்புக் கோளாறாகும். எனவே ஒலியை மட்டும் தனியாகக் கேட்காமல், திரையில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

எத்தனை பீப் என்று எண்ணுவதற்குள் குழம்பிவிடுகிறது. எப்படிச் சரியாக எண்ணுவது?

கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, அதன் பிறகு கணினியை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான கணினிகள் அதே வரிசையை இடைவெளி விட்டு மீண்டும் ஒலிக்கும். குறைந்தது மூன்று சுற்றாவது பதிவாகட்டும். பிறகு அமைதியான இடத்தில் கேட்டு, நெடில், குறில் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘நெடில், குறில், குறில், இடைவெளி’ என்று எழுதிவிட்டால் அதை யாரிடம் காட்டினாலும் புரியும். முதல் சுற்றை நம்பாதீர்கள். பலர் நாற்காலியில் உட்காரும்போதே அதில் ஒன்றிரண்டு ஒலிகளைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

மூன்று பீப் என்றால் ரேம், எட்டு பீப் என்றால் டிஸ்பிளே என்கிறார்களே, அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அந்த எண்கள் ஏஎம்ஐ நிறுவனத்தின் பழைய பயாஸுக்கு உரியவை. அதில் ஒன்று முதல் மூன்று வரை ரேம் தொடர்பானவை, நான்கு டைமர், ஐந்து ப்ராசஸர், ஆறு விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சிப், எட்டு திரை நினைவகம், ஒன்பது பயாஸ் சிப்பில் உள்ள நிரலின் கூட்டுத்தொகை ஒத்துவராதது. ஃபீனிக்ஸ் என்ற மற்றொரு நிறுவனத்தின் பயாஸ் இப்படி நேராக எண்ணாமல், இடைவெளி விட்ட தொகுதிகளாக ஒலிக்கும். ஒன்று, மூன்று, நான்கு, ஒன்று என்று அது ஒலித்தால் ரேமின் முகவரிக் கம்பி ஒன்றில் கோளாறு என்று பொருள். அதை மொத்தமாக ஒன்பது என்று எண்ணி, ஏஎம்ஐ பட்டியலில் தேடி, பயாஸ் சிப் போய்விட்டது என்று முடிவு கட்டியவரை நானே சந்தித்திருக்கிறேன்.

இன்னும் மோசமான குழப்பம் ஒரு நெடில், இரண்டு குறில் என்ற வரிசையில் இருக்கிறது. ஐபிஎம் பிசியிலும் அவார்டு பயாஸிலும் அது கிராபிக்ஸ் கார்டைக் குறிக்கும். ஆசஸ் நிறுவனத்தின் பல மதர்போர்டுகளின் கையேட்டில் அதே வரிசைக்கு ரேம் கண்டறியப்படவில்லை என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. அங்கே கிராபிக்ஸுக்கு உரியது ஒரு நெடில், மூன்று குறில். ஒரே சத்தம், இரண்டு வேறு உறுப்புகள். பொதுப்பட்டியல் ஒன்றைப் பார்த்துப் பொருள் வாங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

அப்படியானால் என் கம்ப்யூட்டருக்கு உரிய பட்டியலை எப்படிக் கண்டுபிடிப்பது? திரையே வரவில்லையே!

அசெம்பிள் செய்த கணினியாக இருந்தால் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ப்ராசஸர் சாக்கெட்டுக்கும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மதர்போர்டின் மாடல் பெயர் பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் அச்சாகியிருக்கும். அந்த மாடலின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற பிராண்டு கணினிகளில் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் கொண்டு தேட வேண்டும்.

பயாஸ் தயாரித்த நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அவார்டு நிறுவனம் 1998-ஆம் ஆண்டிலேயே ஃபீனிக்ஸுடன் இணைந்துவிட்டது. மேலும் மதர்போர்டுத் தயாரிப்பாளர்கள் தாம் வாங்கிய பயாஸில் பீப் பொருள்களைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்கிறார்கள். முன் கேள்வியில் சொன்ன ஆசஸ் போர்டுகளும் ஏஎம்ஐ பயாஸைக் கொண்டவைதாம்.

ரேமைக் கழற்றி ரப்பர் வைத்துத் துடைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பல முறை உண்மையாகவே சரியாகிவிடுகிறது. ரேமின் விளிம்பில் உள்ள தங்கப்பூச்சுத் தொடுமுனைகளிலும் ஸ்லாட்டின் உள்ளே உள்ள முனைகளிலும் தூசியும் ஈரமும் படியப் படிய மின்தொடர்பு நலிகிறது. ரேமைக் கழற்றி மீண்டும் செருகும்போது முனைகள் உரசிக்கொள்வதாலேயே அந்தப் படலம் விலகிவிடுகிறது. எனவே துடைப்பதற்கு முன்பு வெறுமனே கழற்றிச் செருகிப் பாருங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம்.

வேலையில் இறங்குவதற்கு முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள்; கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் தங்கியிருக்கும் மின்னேற்றம் வடிந்துவிடும். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னையும் இறக்கிக்கொள்ளுங்கள். ரேமை விளிம்புகளில் மட்டுமே பிடிக்க வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைப்பதே நல்லது. ரப்பர்தான் கையில் இருக்கிறது என்றால் மிக மெதுவாகத் தேய்த்து, துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழாதபடி முழுமையாகத் தட்டிவிடுங்கள்; தங்கப்பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்ப்பது நாளடைவில் அதையே அகற்றிவிடும். திரும்பச் செருகும்போது இரண்டு முனைகளிலும் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே பூட்டுள்ள ஸ்லாட்டுகளில் மறுபக்கம் பாதி ஏறியே நிற்பதுண்டு; கண்ணுக்கு அது சரியாகச் செருகியது போலவே தோன்றும்.

இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வைத்துப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ரேமை ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போடுமாறு கையேடு சொல்கிறது. ரேம் எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பீப் அதனுடன் சேர்ந்து போனால் ரேம் மீது சந்தேகப்படுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பீப் வந்தால் ஸ்லாட் மீது சந்தேகப்படுங்கள்.

புது ரேம் வாங்கிப் போட்ட பிறகும் அதே பீப்தான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அப்படி முடிவு கட்டுவதற்கு முன் வகை பொருந்துகிறதா என்று பாருங்கள். டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும், டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் இயங்குபவை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 முனைகள்தாம். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் ஏறாது. வலிந்து அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

வகை சரியாக இருந்தும் பீப் நிற்கவில்லை என்றால், சந்தேகம் ப்ராசஸர் பக்கம் திரும்ப வேண்டும். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்பு மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64 வரிசையிலும், இன்டெல் 2008-இல் கோர் ஐ7 வரிசையிலும் அதை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. அதனால் சாக்கெட்டில் ஒரு ஊசிமுனை வளைந்திருந்தாலும், ப்ராசஸர் மீதுள்ள கூலர் ஒரு பக்கமாக அதிகம் இறுக்கப்பட்டிருந்தாலும், கணினி ரேம் இல்லை என்றே பீப் அடிக்கும். ஒரு கல்லூரி மாணவர் இப்படி இரண்டு முறை ரேம் வாங்கிவிட்டு என்னிடம் வந்தார். கூலரின் நான்கு திருகுகளையும் தளர்த்தி, குறுக்கு வரிசையில் சமமாக இறுக்கியவுடன் அவருடைய பழைய ரேமிலேயே கணினி தொடங்கிவிட்டது.

கிராபிக்ஸ் கார்டு பீப் வருகிறது. ஆனால் ஃபேன் சுற்றுகிறதே?

ஃபேன் சுற்றுவது கார்டுக்கு ஓரளவு மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். ஆறு முனை அல்லது எட்டு முனை கொண்ட தனி மின்கம்பி தேவைப்படும் கார்டில் அது செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டின் எடையால் அது ஸ்லாட்டிலிருந்து சற்றே தொங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்துடன் வரும் இன்டெல் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. அவற்றை வைத்துக்கொண்டு கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் கம்பியைச் செருகினால் கிராபிக்ஸ் இல்லை என்ற பீப் வருவது சரியான செயல்பாடே. அதில் பழுது ஏதும் இல்லை.

என் கம்ப்யூட்டரில் பீப் சத்தமே வரவில்லை, திரையும் கருப்பு. அப்படியென்றால் மதர்போர்டு போய்விட்டதா?

முதலில், ஒலி எழுப்ப ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது விற்பனையாகும் பல கேபினெட்டுகளில் அது வருவதே இல்லை. நாம் பாட்டு கேட்கும் ஸ்பீக்கரில் இந்த பீப் பொதுவாக வராது. நான்கு முனைத் துளையுடன் கூடிய விரல்நுனி அளவு பஸ்ஸர் ஒன்று மின்னணுக் கடைகளில் மிக மலிவாகவே கிடைக்கும். கையேட்டில் ‘ஸ்பீக்கர்’ என்று குறித்துள்ள இடத்தில் அதைச் செருகுங்கள். பல புதிய போர்டுகளில் பஸ்ஸருக்குப் பதிலாக ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில் சோதனை நின்றிருக்கிறது. முதல் பதிலில் பீப் பற்றிச் சொன்னது இந்த விளக்குகளுக்கும் அப்படியே பொருந்தும்.

பஸ்ஸர் இருந்தும் அமைதி நிலவினால் நான் செய்யும் சோதனை இது. மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, பிறகு ஆன் செய்கிறேன். ரேம் இல்லை என்ற பீப் வந்தால் பெரிய ஆறுதல்: எஸ்எம்பிஎஸ், ப்ராசஸர், பயாஸ் சிப் மூன்றும் குறைந்தபட்சம் அந்தப் படி வரை வேலை செய்கின்றன. அப்போதும் ஒலி இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸையும், ப்ராசஸருக்கு மட்டும் செல்லும் நான்கு அல்லது எட்டு முனை மின்கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கம்பியைச் செருக மறந்த கணினி, ஃபேனெல்லாம் சுற்றி, விளக்கெல்லாம் எரிந்து, ஊமையாக நிற்கும்.

லேப்டாப்பில் பீப் வராமல் விளக்கு மட்டும் மின்னுகிறது. அதை எப்படிப் படிப்பது?

அதே மொழிதான், ஒலிக்குப் பதில் ஒளி. டெல்லின் புதிய லேப்டாப்புகளில் பேட்டரி விளக்கு இருமுறை மஞ்சளாகவும் மும்முறை வெள்ளையாகவும் மின்னினால் ரேம் கண்டறியப்படவில்லை என்று பொருள். அதே நிறுவனத்தின் பழைய மாடல்களில் இதற்கு இரண்டு பீப்; நான்கு பீப் ரேம் பழுது; ஐந்து பீப் கடிகார பேட்டரி; எட்டு பீப் லேப்டாப்பின் திரை. ஐந்து பீப்பைக் கேட்டு மதர்போர்டையே மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அங்கே மாற்ற வேண்டியிருப்பது பெரும்பாலும் 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்றுதான். இன்டெல் ப்ராசஸருடன் வந்த பல மேக் கணினிகளில் ஐந்து நொடிக்கு ஒரு முறை ஒற்றை ஒலி வந்தால் ரேம் இல்லை என்றும், மூன்று ஒலிகளும் ஐந்து நொடி இடைவெளியும் மாறி மாறி வந்தால் ரேம் சோதனையில் தேறவில்லை என்றும் பொருள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பீப் அடிக்கிறது. இதுவும் ரேம்தானா?

இது தொடக்கச் சோதனையோடு சேர்ந்ததன்று. ஓடும்போது இடைவிடாமல் வரும் கீச்சொலியும், உயர்ந்தும் தாழ்ந்தும் மாறி மாறி வரும் ஒலியும் பெரும்பாலும் ப்ராசஸர் சூடாகிவிட்டதற்கான எச்சரிக்கை. உடனே அணைத்துவிட்டு, ப்ராசஸர் ஃபேன் சுற்றுகிறதா, கூலர் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கிறதா, ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மின்தடை வந்தால் மேசைக்கு அடியில் உள்ள யுபிஎஸ்ஸும் பீப் அடிக்கும். மின்சாரம் இருக்கும்போதே விட்டு விட்டு அடித்தால் அதன் பேட்டரி தளர்ந்திருக்கலாம். கேபினெட்டில் காதை வைத்துக் கேட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்த பிறகே திருகாணியைத் தொடுங்கள். அழுந்தி நிற்கும் விசை ஒன்றும் தொடர் ஒலியை உண்டாக்கும். விசைப்பலகையைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் அது தெரிந்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்தே பீப் வருகிறதே, அதற்கு என்ன பொருள்?

ஹார்டு டிஸ்க்கில் ஒலி எழுப்பும் கருவி எதுவும் இல்லை. நீங்கள் கேட்பது, சுழல முடியாமல் திணறும் மோட்டாரின் ஒலி. யுஎஸ்பி வழியாக இணைக்கும் டிஸ்க்காக இருந்தால் போதிய மின்சாரம் கிடைக்காததும் காரணமாகலாம். வேறு கம்பியில், வேறு துளையில் ஒரு முறை முயலலாம். அப்போதும் அதே ஒலி வந்தால், படிக்கும் முனை தட்டின் மீது ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் உங்களுக்கு முக்கியம் என்றால், தயவு செய்து மீண்டும் மீண்டும் ஆன் செய்யாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். தரவு மீட்பவர்களிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

புதிதாக டிடிஆர்5 போட்டு அசெம்பிள் செய்தேன். பீப் இல்லை, படமும் இல்லை. கழற்றிவிடலாமா?

சற்றுப் பொறுங்கள். டிடிஆர்5 ரேமை முதன்முதலாகப் போடும்போது, ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையேயுள்ள மின்குறிகளின் நேர ஒத்திசைவை பயாஸ் பலவாறு முயன்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும், சில போர்டுகளில் ரேம் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டு அணைத்தால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கழித்தும் மாற்றம் இல்லை என்றால், ஒற்றை ரேமை வைத்து முன்பு சொன்ன முறையில் தேடுங்கள்.

பீப் நின்றுவிட்டது, விண்டோஸும் வருகிறது. ஆனால் அடிக்கடி நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. பயாஸ் ரேமைச் சோதிக்கவில்லையா?

சோதித்தது, ஆனால் மிக மேலோட்டமாக. சில நொடிகளில் முடியும் தொடக்கச் சோதனை, ரேமின் ஒவ்வொரு இடத்திலும் பல வடிவங்களில் எழுதிப் படித்துப் பார்ப்பதில்லை. மெம்டெஸ்ட்86 என்ற நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், அந்த ரேமை முக்கியமான வேலைக்கு நம்பக் கூடாது. ஆனால் அதையும் வேறு ஸ்லாட்டில் ஒரு முறை சோதித்துவிட்டே ஒதுக்குங்கள்.

கடைக்கு எடுத்துப் போவதென்றால் என்ன சொல்ல வேண்டும்?

மதர்போர்டின் மாடல், நீங்கள் பதிவு செய்த ஒலி, கடைசியாக நன்றாக ஓடிய நாள், அதற்குப் பின் நடந்தவை ஆகிய நான்கையும் சொல்லுங்கள். இடி மின்னல், வீடு மாற்றியது, புதிய உறுப்பு போட்டது, பயாஸை அப்டேட் செய்தது என்று எதையும் விட்டுவிட வேண்டாம். நீங்களே கழற்றிப் பார்த்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். எந்த ஸ்லாட்டில் எந்த ரேமைப் போட்டபோது என்ன பீப் வந்தது என்ற குறிப்புத் தாள் இருந்தால், பழுது பார்ப்பவர் அதே சோதனைகளை மறுபடி செய்ய வேண்டியிருக்காது. உறுப்பை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், மாற்றுவதற்கு முன் நன்றாக இயங்கும் வேறொரு உறுப்பை வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பழைய உறுப்பையும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.